பஜனைக்கு வழிசமைத்த பண்டிதர் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர்

ஆலய வழிபாட்டிலே கூட்டுப்பிரார்த்தனைக்குத் தனியான ஓர் இடமுண்டு. வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்திலிருந்து பாடுகின்றோம். மார்கழியில் விடியற்புறம் சங்கு, சேமக்கல ஒலியோடு திருவெம்பாவை பாடி வீதிவலம் வருகின்றோம். ஆனால் முன்னின்று அடியெடுத்துக் கொடுப்பவரையும், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் கொண்டு துணைநிற்பவர்களையும் நாம் அதிகம் நினைப்பதில்லை. காளாஞ்சி வழங்கும்போதும் அவர்கள் ஒதுங்கியே நிற்பார்கள். இத்தகையோருக்குப் பாரத நாட்டிலே மதிப்பைத் தேடிக் கொடுத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை அடியார்கள் அறிந்திருத்தல் நன்று.

விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் 1872 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18 ஆம் திகதி மராட்டிய நாட்டின் குருந்த்வாட் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தகப்பனார் திகம்பர் கோபாலர் கீர்த்தனம் செய்பவர். நமது கதாப்பிரசங்கத்தைப் போன்றதே அவர்களின் கீர்த்தனமும். கதையும் பாட்டும் கலந்து வரும். ஆகவே பிள்ளை பக்திப் பாடல்களின் நடுவிலேயே வளர்ந்தார்.

சிறுவயதில் பக்கத்து ஊராகிய நரசோபாவாடியில் தத்தாத்திரேயர் உற்சவம் நடந்தது. அங்கே வெடித்த பட்டாசு ஒன்று சிறுவனின் முகத்திலே பட்டுக் கண்பார்வை பெரிதும் பழுதுபட்டது. (நமது திருவிழாக் காலங்களிலும் வெடி கொளுத்தும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனித்துக் கொள்ள வேண்டும்.) மிராஜ் நகரிலே வைத்தியம் செய்தும் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. இனி ஏட்டுக்கல்வி கடினம், சங்கீதம் படிப்பிக்கலாம் என்று வைத்தியரே யோசனை கூறினார். மிராஜ் மன்னரின் ஆதரவோடு பாலகிருஷ்ணபுவா இச்சல்கரஞ்சிகர் என்னும் பெரும் வித்துவானிடம் சேர்ந்து, பல வருடங்கள் கடுமையாகப் பயின்றார்.

அந்நாளில் சங்கீத வித்துவான்கள் அரண்மனைகளிலே வேலைக்காரரைப் போலவே நடத்தப்பட்டனர். மிராஜில் நடந்த வைபவம் ஒன்றுக்குச் சீடருக்கு அழைப்பு வந்ததாகவும், குருவைப் பாட்டுக்காரர் என்று ஒதுக்கிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. அது அவர் மனத்தைச் சுட்டது. 1896 இல் அரச ஆதரவை உதறிவிட்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். சௌராட்டிரத்திலே அரண்மனைக்கு வெளியே, பொதுமக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும்படியாகக் கச்சேரி செய்தார். அக்காலத்தில் இது பெரும் புதுமை.

1901 ஆம் ஆண்டு மே 5 ஆம் திகதி லாகூரிலே காந்தர்வ மகாவித்தியாலயத்தைத் தொடங்கினார். அரசர் ஒருவரின் தயவில் அல்லாது மக்களின் ஆதரவில் நடந்த சங்கீதப் பள்ளி அது. ஆரம்பத்தில் சில நாட்கள் ஒருவருமே வரவில்லையாம். தாம் மட்டும் தம்பூராவை மீட்டிக்கொண்டு குறித்த நேரத்துக்கு வகுப்பில் இருந்தாராம். பிறகு பிள்ளைகள் வந்தனர், பெண்களும் வந்து படித்தனர். ஒழுக்கக் கேடானவர்களின் தொழில் என்று சங்கீதத்தை எண்ணியிருந்த குடும்பங்கள் தம் பிள்ளைகளை அனுப்பத் துணிந்தமை சாதாரண காரியமல்ல. சிருங்காரச் சொற்கள் மலிந்திருந்த பாடல்களை விலக்கி, அதே இராகங்களில் துளசிதாசர், சூர்தாசர் முதலியோரின் பக்திப் பாடல்களைப் படிப்பித்தார்.

பாடுவோரைப் போலவே பக்கவாத்தியக்காரரையும் அவர் கருதினார். மிருதங்கமும் தபேலாவும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. அவருடைய கச்சேரிகளுக்கு வாசித்த குருதேவ் பட்வர்தன் பள்ளியிலே அவ்வாத்தியங்களுக்கு ஆசிரியராக விளங்கினார். வாத்தியங்களைச் செய்யவும் திருத்தவும் ஒரு பட்டறையும், சுரக்குறிப்புப் புத்தகங்களை அச்சிட அச்சகமும் இருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களை அவர் வெளியிட்டார். இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, சீடர்களைத் தம்முடன் தங்கவைத்து, உணவும் உடையும் கொடுத்து, பல ஆண்டுகள் இலவசமாகப் பயிற்றி, சங்கீத உபதேசகர்களாக வெளியூர்களுக்கு அனுப்பியதாகும். ஓம்கார்நாத் தாக்கூர், விநாயகராவ் பட்வர்தன், நாராயணராவ் வியாஸ் ஆகியோர் அவருடைய மாணாக்கரே.

அவர்களுள் நாராயண் மோரேஷ்வர் காரே என்பவரைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். காந்தியடிகள் தம் சபர்மதி ஆச்சிரமத்துக்கு ஒரு சங்கீத ஆசிரியர் வேண்டும் என்று கேட்டபோது பலூஸ்கர் இவரையே அனுப்பினார். காலையும் மாலையும் ஆச்சிரமப் பிரார்த்தனையை நடத்தியவர் இவர். சங்கீத ஞானம் இல்லாதவர்களையும் ஒரே சுருதியில் பாடவைப்பது எவ்வளவு சிரமம் என்பதைப் பஜனை நடத்தியவர்களே அறிவர். ஆச்சிரம பஜனாவளி என்னும் பல மொழிப் பாடற்றொகுதியும் காரேயின் உழைப்பினால் உருவாயிற்று. 1930 மார்ச் 12 ஆம் திகதி தொடங்கிய உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையில், தண்டிக் கடற்கரை வரையான ஏறத்தாழ 240 மைல் தூரத்தையும் தந்தி வாத்தியத்தோடு நடந்து தொண்டர்களைப் பாடவைத்தார். அங்கே ஒலித்த ரகுபதி ராகவ என்னும் ராமநாமத்துக்கு இன்று நாம் பாடும் மெட்டைப் பலூஸ்கரே அமைத்தார் என்பது பொதுவான கொள்கை. காரே 1938 இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டின் இசைப் பணிக்காகச் சென்ற இடத்திலேயே காலமானார்.

மீண்டும் குருவின் கதைக்கு வருவோம். 1908 இல் பம்பாயிலும் வித்தியாலயம் நிறுவப்பட்டது. அதற்குப் பெரிய கட்டடம் எழுப்பக் கடன் வாங்கினார். ஓயாது கச்சேரி செய்து உழைத்த பணம் கடனுக்கே போயிற்று. இறுதியில் 1920களில் கட்டடம் ஏலத்தில் விற்கப்பட்டது. அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் புத்தகங்களோடு காலம் கழித்தவன் என்ற வகையில், கட்டடத்தைச் சற்றுச் சிறிதாகக் கட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் இலவசமாகச் சோறு போட்டுப் படிப்பித்த பிள்ளைகளின் தொகையைக் குறைத்திருக்கலாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்த இழப்பு அவரை முற்றாக இறைவன் பக்கம் திருப்பியது. காவி உடுத்து, நாசிக்கில் ஆச்சிரமம் அமைத்து, துளசிதாசரின் இராமாயணத்தைப் பாடிப் பொருள் சொல்லுவதிலே எஞ்சிய காலத்தைக் கழித்தார். 1931 ஓகஸ்ட் 21 ஆம் திகதி, தாம் கல்வி தொடங்கிய அதே மிராஜ் நகரில் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சீடர்கள் ஒன்றுகூடி காந்தர்வ மகாவித்தியாலய மண்டலத்தை அமைத்தனர். இந்திய அரசு 1973 இல் அவருக்கு முத்திரை வெளியிட்டது.

அவருக்குப் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளில் எஞ்சியவர் தத்தாத்திரேய விஷ்ணு ஒருவரே. தகப்பனார் மறைந்தபோது அவருக்கு வயது 10. விநாயகராவ் பட்வர்தன் முதலிய சீடர்களே அவரைப் படிப்பித்து ஆளாக்கினர். அவரும் 1955 இல் 34 வயதிலேயே மறைந்தார். பஜனைப் பாடல்களை அவர் பாடிய இசைத்தட்டுக்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.