புத்தகம் கட்டிய விஞ்ஞானி

1791-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கருமானின் மகனாகப் பிறந்தார் மைக்கேல் பாரடே. எழுதப் படிக்கக் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தவர், கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1813-இல் இராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவியின் உதவியாளரானார்.

1831 ஆகஸ்டு 29 அன்று, இரண்டு கம்பிச் சுருள்கள் சுற்றிய இரும்பு வளையம் ஒன்றைச் சோதித்தார். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டுமே, மற்றச் சுருளின் பக்கமிருந்த காந்த ஊசி துடித்தது. அந்தக் கணநேரத் துடிப்பை அவர் அலட்சியம் செய்யவில்லை. காந்தப்புலம் மாறினால்தான் மின்சாரம் தூண்டப்படும் என்று கண்டார்.

மின்மாற்றி இவ்வுண்மையில் பிறந்ததே. நம் ஆய்வுக்கூடத்து மாறு மின்மாற்றியிலும் வளையமும் சுருளும் உண்டு. குமிழைத் திருப்பினால் கார்பன் தூரிகை நகர்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கைக்கேற்ப வோல்ட் கூடுகிறது, குறைகிறது.

1867-இல் பாரடே மறைந்தார். கல்லூரியில் பயிலாத அவர் தந்த பாடத்தைத்தான் நாம் கல்லூரியில் பயில்கிறோம்!