ஊர்வழியே உலகங்கண்ட பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ்

உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, தேசங்களின் பெயரையும் தலைநகரங்களின் பெயரையும் மனப்பாடஞ் செய்வதே பூகோளக் கல்வி என்று கொள்வார் பலர். அமேஸான் நதி எங்குத் தோன்றி எங்குக் கடலொடு கலக்கின்றது என்று வினவின் விரைந்து விடையிறுக்கும் மாணாக்கர், தம் ஊரருகே செல்லும் ஆற்றின் பிறப்பிடத்தைக் கேட்பின் தயங்கி நிற்றல் யாண்டுங் காணப்படுவதே. இக்குறையை நூறாண்டுகட்கு முன்னரே உணர்ந்து, ஒருவன் நிற்கும் இடத்தினின்றே உலக அறிவு தொடங்கல் வேண்டுமெனத் தம் வாழ்நாள் முழுதுங் கற்பித்த பெரியார் ஒருவர் உளர். ஸ்காத்லாந்து தேசத்திற் பிறந்த அவர், நம் காஞ்சி மாநகரை நேரிற் கண்டு வியந்தவருமாவர். அவரே ஸர் பாட்ரிக் கெடிஸ். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றாம்.

பிறப்பும் இளமையும்

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் பாலட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் குடும்பம் தெய்வபக்தி மிக்கது. தந்தையார் போர்ச்சேவகம் புரிந்தவர். கெடிஸ் சிறுகுழவியாயிருந்த காலத்தே அக்குடும்பம் பெர்த் என்னும் நகர்க்குக் குடிபெயர்ந்து, கின்னூல் என்னுங் குன்றின் சாரலில் அமைந்த வீட்டில் வாழ்ந்தது. தந்தையார் மகனைக் கைபற்றி மலைவழிகளில் அழைத்துச் செல்வார். தோட்டத்திற் செடி நட்டு வளர்க்கவும் பழக்குவார். குன்றின்மேல் நின்று நோக்கின், டே என்னும் ஆறு மலைநாட்டினின்று இறங்கி, காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் கழனியையும் நகரத்தையுங் கடந்து கடல் நோக்கிச் செல்லுங் காட்சி கண்ணுக்குப் புலனாகும். பிற்காலத்தில் அவர் உலகிற்கு உரைத்த கொள்கைகட்கெல்லாம் இக்காட்சியே வித்தாயிற்று என்னலாம்.

கல்வியும் கண்ணோயும்

தாவர நூல் கற்கும் பொருட்டு எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்த கெடிஸ், ஆங்குப் பயிற்றும் முறை தமக்கு ஒவ்வாமையின் ஒரு வாரத்திலேயே அதனை விட்டு நீங்கினார். பின் 1874-இல் இலண்டன் சென்று, உயிர்நூற் புலவர் ஹக்ஸ்லியின் மாணாக்கரானார். பிரான்சு தேசத்தில் இருந்தகாலை, லெப்ளே என்னும் அறிஞரது கொள்கையைக் கேட்டறிந்தார். ஒரு மக்கட் கூட்டத்தை அறிய வேண்டின் அவர் வாழும் இடம், அவர் செய்யுந் தொழில், அவர்தங் குடும்பம் என்னும் மூன்றனையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். இது கெடிஸின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

1879-இல் ஆராய்ச்சியின் நிமித்தம் மெக்ஸிகோ தேசஞ் சென்ற அவர்க்குக் கொடிய கண்ணோய் வந்துற்றது. பல வாரங்கள் கண்கட்டுடன் இருட்டறையிற் கிடந்தார். இருபத்தைந்து வயதுள்ள ஆராய்ச்சியாளர்க்கு இதனினும் பெரிய இடர் யாதுளது? ஆயினும் அவர் சோர்ந்திலர். சாளரத்தின் கண்ணாடிச் சட்டங்களைக் கைவிரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை நிறுத்தி, இடமுந் தொழிலும் மக்களும் ஒன்றோடொன்று எவ்வாறு இயைகின்றன என்று மனத்தால் ஆராய்ந்தார். பார்வை மீண்டதெனினும், நெடுநேரம் நுண்ணோக்கியிற் பார்க்கும் வலிமை பின்னர் இல்லாதாயிற்று. செடியின் நுண்ணுயிரை ஆராயவிருந்த கண்கள் ஊரையும் உலகையும் ஆராயத் திரும்பின.

எடின்பரோ நகரத் தொண்டு

1886-இல் ஆனா மார்ட்டன் என்னும் நற்குண மங்கையை மணந்தார். மணமக்கள் நல்ல வீதியில் இருந்த வீட்டைவிட்டு, எடின்பரோவின் பழைய நகரிலே ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் இடத்திற் குடிபுகுந்தனர். ஆங்கு அவர்கள் பிரசங்கஞ் செய்தாரிலர். சுவர்க்கு வெள்ளையடித்தனர், முற்றத்தைத் துப்புரவு செய்தனர், சாளரங்களிற் பூச்செடி வைத்தனர். அண்டை வீட்டாரும் அவ்வாறே செய்யத் தலைப்பட்டனர். 1887-இல் மாணாக்கர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் விடுதியொன்றை அவர் தொடங்கினார். 1888 முதல் 1919 வரை டண்டீ நகரக் கல்லூரியில் தாவர நூற் பேராசிரியராக விளங்கினார். ஆண்டிற் கோடைப் பருவத்து மட்டுமே பாடஞ் சொல்லுங் கடமையாதலின், எஞ்சிய காலத்தைப் பிற பணிகட்கு ஈந்தார்.

நோக்குக் கோபுரம்

1892-இல் எடின்பரோக் கோட்டைக்கு அணித்தாயிருந்த உயர்ந்த கட்டடம் ஒன்றைப் பெற்று, அதனை நோக்குக் கோபுரம் எனப் பெயரிய கலைக்கூடமாக்கினார். பூகோளங் கற்பிக்கும் முறையில் அஃதொரு புதுமை. மாணாக்கர் முதற்கண் உச்சிக்கு ஏறுவர். ஆங்குள்ள இருட்டறையிற் கண்ணாடியும் வில்லையுங் கொண்ட கருவி, வெளியே இயங்கும் நகரத்தின் உயிர்க்காட்சியை வெண்மேசையின்மேல் வீழ்த்தும். தம் நகரையே புதிதாய்க் கண்ட வியப்புடன் ஒவ்வொரு தளமாக இறங்குவர். முதல் தளம் எடின்பரோ நகர்க்குரியது. அதன் கீழது ஸ்காத்லாந்துக்குரியது. அதன் கீழ் ஆங்கிலம் பேசுந் தேசங்கள். அதன் கீழ் ஐரோப்பா. அடித்தளத்தில் உலகம் முழுதும். பிற பள்ளிகளில் உலகத்திற் றொடங்கி ஊரை அடையாமலே கல்வி முடியும். இக்கோபுரத்திலோ ஊரிற் றொடங்கி உலகத்திற் சென்று முடியும்.

கோடைக்காலங்களில் அவர் கூட்டிய வகுப்புகட்குப் பல தேசத்து மாணாக்கரும் ஆசிரியரும் வந்தனர். பிரெஞ்சுப் பூகோள அறிஞர் ரெக்ளு அவர்தம் நண்பராய் உடனிருந்து கற்பித்தார். கெடிஸின்கீழ்த் துணையாசிரியராயிருந்த ஹெர்பர்ட்ஸன் பின்னர் ஆக்ஸ்போர்டிற் பூகோளப் பேராசிரியரானார். பிரதேச ஆராய்ச்சி எனப்படும் மாணாக்கர் பணி இவ்வட்டத்திலேயே வளர்ந்தது. ஓர் ஊரின் மண்ணையும் நீரையும், தொழிலையும் வழிகளையும், பழஞ்செய்தியையும் மாணாக்கர் நடந்து கண்டு, படம் வரைந்து, குறிப்பெழுதித் தொகுத்தலே அப்பணியாகும். நோய் இன்னதென ஆராய்ந்த பின்னரே மருந்திடுக என வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறியை, கெடிஸ் நகரங்கட்கு வகுத்தார் எனலாம்.

ஆற்றுப் பள்ளத்தாக்கின் படமும் நம் திணையும்

கெடிஸ் வரைந்த படங்களுள் தலையாயது மலை முதற் கடல் வரை செல்லும் பள்ளத்தாக்கின் படமாகும். உச்சியிற் சுரங்கத் தொழிலாளனும், அதன்பின் மரம் வெட்டுவோனும், வேட்டுவனும், இடையனும், உழவனும், கடற்கரையிற் பரதவனுமாக ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய மாந்தரை அதன்கண் நிறுத்தினார். நகரம் என்பது இவர் அனைவரும் ஒருங்குகூடிய இடமே என்பது அவர் துணிபு.

தமிழ் கற்பார்க்கு இது புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மக்களுந் தொழிலும் பிறவுங் கருப்பொருள் என்றுந் தொல்காப்பியனார் வகுத்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் முறைவைப்பும் மலையினின்று கடல்நோக்கி இறங்குகின்றது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினரும் ஆயரும் உழவரும் வலைஞரும் வாழும் நிலங்களினூடே பாணனை நடத்திக் காஞ்சியிற் கொணர்ந்து விடுகின்றது. கெடிஸ் இந்நூல்களைப் பயின்றவரென யாம் கூற வரவில்லை. நிலத்தை நடந்து கண்டார் இருவர், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேசத்தில் ஓருண்மையை எய்தினர் என்பதே நம் கருத்து.

தமிழகத்திற்கு வருகை

சென்னைக் கவர்னராயிருந்த பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பிற்கிணங்க, கெடிஸ் தம் மைந்தர் அலஸ்டருடன் 1914-இல் இந்தியாவிற்கு வந்தார். நகரங்களின் வரலாற்றைக் காட்டும் படங்களும் அட்டவணைகளுமாகிய அவர்தம் பெருங்கண்காட்சி கிளான் கிராண்ட் என்னுங் கப்பலில் ஏற்றப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரிற் சென்னைமேற் குண்டு வீசிய எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல், அக்டோபரில் மினிக்காய்த் தீவருகே அதனையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு ஒருநாளிற் கடலடி சேர்ந்தது. கெடிஸ் கலங்காது, சீமையிலுள்ள நண்பர்கட்கு எழுதிப் புதிய படங்களைத் திரட்டி, 1915 ஜனவரியிற் சென்னைச் சர்வகலாசாலைச் செனெட் மண்டபத்திற் கண்காட்சியை நடத்தியே விட்டார்.

பின்னர்ச் சென்னை மாகாணத்து நகரங்களை நடந்தே ஆராய்ந்தார். இடுக்கான தெருக்களை இடித்து நேர்ச்சாலை போடுவதே சீர்திருத்தம் என்று அதிகாரிகள் எண்ணிய காலம் அது. அவ்வாறு செய்யின் ஏழைகள் வீடிழந்து வேறிடத்தில் முன்னினும் நெருங்கி வாழ்வர் என்று கெடிஸ் எடுத்துக்காட்டினார். தஞ்சையிலும் மதுரையிலும் பாழடைந்த வீடுகளை மட்டும் நீக்கி, மரங்களையுங் கோயில்களையும் நல்ல வீடுகளையுங் காத்து, சிறு வெளிகளை உண்டாக்கினாற் போதும் என்று படம் வரைந்து காட்டினார். கொசுவை ஒழிக்கக் குளங்களைத் தூர்க்க வேண்டுமென்றார்க்கு, குளம் ஊரைக் குளிர்விப்பதென்றும், மீனும் வாத்தும் வளர்த்தாற் கொசு குறையுமென்றும் விடையளித்தார்.

காஞ்சியைக் கண்டபோது அவர் எய்திய உவகைக்கு அளவில்லை. கோயில்களின் பெருமையை முன்னரே பலர் பாராட்டியுளர். கெடிஸோ நகரின் அமைப்பையே பாராட்டினார். தேரோடும் அகன்ற வீதிகளும், நெசவாளர் இல்லங்களும், குளங்களுஞ் சோலைகளும் ஒன்றற்கொன்று இயைந்து நிற்றலையும், அவ்வொழுங்கினுள்ளும் ஒவ்வொரு வீடும் தன்னுரிமையோடு விளங்குதலையுங் கண்டு, இதற்கிணையான பழநகரம் பிறிதொன்று எஞ்சியிருக்கத் தாம் அறியார் என்று எழுதினார். 1916-இல் வேங்கடராமையர் என்பார் தக்கணத்துப் பண்டை நகர அமைப்பைப் பற்றி இயற்றிய நூற்கு முகவுரையும் அளித்தார். பிற சமயத்தார் கட்டிய நகரின் நன்மையை மனமுவந்து உரைத்த அவர்தம் நேர்மை, கிறிஸ்தவ மாணாக்கராகிய நாமும் போற்றத்தக்கது.

துயரும் உழைப்பும்

1917-இல் அவர்க்கு நேர்ந்த இடர் பெரிது. அலஸ்டர் ஏப்ரலிற் பிரான்சுப் போர்முனையில் உயிர் நீத்தார். அச்செய்தி எட்டிய காலை ஆனா அம்மையார் கொடிய சுரத்தாற் படுக்கையிற் கிடந்தார். மகன் மறைவை அவர்க்கு உரையாது, அத்துயரைத் தம் நெஞ்சகத்தடக்கி அருகிருந்து பேணினார் கெடிஸ். ஜூன் மாதத்தில் அம்மையாரும் இந்திய மண்ணிலேயே ஆவி நீத்தார். இத்துணைக்குப் பின்னும் அவர் பணியைக் கைவிட்டிலர். இந்தூர் நகரிற் கொள்ளைநோய்க் காலத்தில், தீபாவளி ஊர்வலம் எத்தெருக்கள் மிகத் தூய்மையாயுள்ளனவோ அவற்றின் வழியே செல்லும் என அறிவித்தார். மக்கள் தாமே முன்வந்து தெருக்களைத் துப்புரவு செய்தனர். 1919 முதல் 1924 வரை பம்பாய்ச் சர்வகலாசாலையிற் சமூகநூற் பேராசிரியராயிருந்தார். பின்னர்ப் பிரான்சு தேசத்து மோண்ட்பெலியேயில் மாணாக்கர் விடுதியொன்றை நிறுவி, 1932-இல் ஸர் பட்டம் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஆங்கே இறைவனடி சேர்ந்தார்.

நாம் செய்யத்தக்கது

இச்சரிதத்தைப் படித்துப் பாராட்டி அமைதல் கெடிஸுக்குச் செய்யும் மரியாதையன்று. அவர் காட்டிய பள்ளத்தாக்கு நம் கண்முன்னே கிடக்கின்றது. காஞ்சிக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபாத்திலே ஒரு மாணாக்கர் குழு நின்று ஆராயத் தொடங்கட்டும். ஆற்காட்டு நவாபு வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர் அது. மேற்றிசை நோக்கிச் செல்லின், பாலாறு நந்திமலையிற் றோன்றுதலும், 2001-இல் மூடப்பட்ட கோலார்ப் பொற்சுரங்கத்திற்கு அதன் நீரே பேத்தமங்கல ஏரி வழியே உதவினமையும், ஜவ்வாது மலைவாணர் வாழ்க்கையும், ஆம்பூர் வாணியம்பாடித் தோற்றொழிலும் விளங்கும். அத்தொழிலின் கழிவு ஆற்றைக் கெடுத்தமை பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றந் தீர்ப்பளித்தது. வாலாஜாபாத்திற்கு அணித்தே திருமுக்கூடலிற் செய்யாறும் வேகவதியும் பாலாற்றொடு கூடுகின்றன. ஆங்குள்ள கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையையும் மாணாக்கர் விடுதியையுங் குறிப்பிடுகின்றது. தென்னேரியின் நீர் பாயும் வயல்களை அடுத்துக் காணலாம். கீழ்த்திசையில் வாயலூரருகே ஆறு கடலிற் கலக்குமிடத்தில் மீனவர் குப்பங்கள் உள. நெசவாளர் தறியருகே அமர்ந்து வினவின், பட்டு நூல் கர்நாடகத்தினின்றும் சரிகை சூரத்தினின்றும் வருதலை அறியலாம். ஒரு சேலையின் வழியே பாதி இந்தியாவின் பூகோளங் கற்கலாம்.

இக்கல்வி வெறும் பொழுதுபோக்கன்று. பாலாறு இன்று ஆண்டின் பெரும்பகுதி நீரின்றி மணற்பரப்பாய்க் கிடக்கின்றது, அம்மணலும் அள்ளப்பட்டுவந்தது. தன்னியல்பு திரிந்த நிலமே பாலையாகும் என்று நம் முன்னோர் கூறியது ஈண்டு நினைவிற்கு வருகின்றது. ஊரறியாத கல்வியைப் பெற்றவர், ஊர் பாலையாவதைத் தம் கண்ணெதிரே கண்டும் அறியார். ஆதிமனிதனைத் தோட்டத்தில் வைத்த கடவுள், அதனைப் பண்படுத்தவுங் காக்கவுமே வைத்தார் என்று வேதாகமங் கூறுகின்றது. அறியாத ஒன்றை யாரே காக்க வல்லார்? ஆதலின் தோழர்காள்! வரும் விடுமுறையிற் குறிப்பேடுந் தண்ணீருங் கையிற்கொண்டு நும் ஊர் ஆற்றின் கரைவழியே ஒரு காதமேனும் நடந்து காண்மின், கரையில் வாழ்வாரை மரியாதையுடன் வினவுமின், கண்டதை வரைமின். உலகம் அவ்வழியே உம்மை எதிர்கொண்டு வரும்.