காலணாப் பத்திரிகையில் புத்த தருமம்

அயோத்திதாச பண்டிதர் வாழ்க்கை வரலாறு

புத்தர் என்றவுடன் கண் முன் வருவது எது? அரச மரத்தடி. மூடிய கண்கள். சாந்தமான முகம்.

அந்தப் புத்தரை வணங்குகிறவர்கள் ஊர் விவகாரம் பேசலாமா? பள்ளிக்கூடம் வேண்டும், நிலம் வேண்டும் என்று சர்க்காரிடம் கேட்கலாமா? பத்திரிகை நடத்தி வாதாடலாமா?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் என்று வாழ்ந்து காட்டியவர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் சித்த வைத்தியர். தமிழ்ப் புலவர். பத்திரிகை ஆசிரியர். அவர்தான் அயோத்திதாச பண்டிதர்.

குருவின் பெயர்

அவர் 1845-ம் ஆண்டு மே மாதம் 20-ந்தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஆனால் கல்விக்குக் குறைவில்லாத குடும்பம்.

அவருடைய தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார துரையிடம் வேலை பார்த்தார். கந்தப்பன் வீட்டில் திருக்குறள் ஓலைச்சுவடி இருந்தது. அந்தச் சுவடி ஹாரிங்டன் மூலமாக எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இதை அயோத்திதாசரே எழுதி வைத்திருக்கிறார்.

காத்தவராயனுக்குத் தமிழும் வைத்தியமும் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர். குருவிடம் கொண்ட பக்தியால், சீடர் அந்தப் பெயரையே தமக்கு வைத்துக் கொண்டார். காத்தவராயன் அயோத்திதாசர் ஆனார்.

மகாஜன சபையில்

அயோத்திதாசர் பல ஆண்டுகள் நீலகிரியில் வசித்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் படும் பாட்டை நேரில் பார்த்தார். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. கோவிலுக்குள் போக முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது. உழுவது அவர்கள், நிலம் வேறொருவருக்கு!

1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். மக்களின் குறைகளைத் தீர்மானங்களாக எழுதி வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு, 1892-ல், சென்னை மகாஜன சபைக் கூட்டம் விக்டோரியா மண்டபத்தில் நடந்தது. படித்தவர்களும் பெரிய மனிதர்களும் நிறைந்த சபை. நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் போயிருந்தார்.

அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். கடவுள் எல்லோருக்கும் பொது என்றால், சிவன் கோவிலிலும் பெருமாள் கோவிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை?

சபையில் கூச்சல் எழுந்தது. ஒருவர் எழுந்து, உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்கள். சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்றார்.

அயோத்திதாசர் தளரவில்லை. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரையில் இலவசப் படிப்புக் கொடுங்கள். சும்மா கிடக்கும் தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்.

அதே சமயத்தில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் பரிதாப நிலை பற்றிச் சர்க்காருக்கு அறிக்கை அனுப்பியிருந்தார். அவர்களுக்கு நிலம் கொடுக்க 1892-ல் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று சொல்லப்படுவது இதுதான்.

கொழும்புப் பயணம்

நிலம் கேட்டாயிற்று. படிப்புக் கேட்டாயிற்று. ஆனால் பிறக்கும்போதே தாழ்ந்தவன் என்று முத்திரை குத்தும் ஏற்பாட்டை எப்படி நீக்குவது? அயோத்திதாசர் பழைய தமிழ் நூல்களைப் புரட்டினார். அங்கே அவர் கண்டது புத்த தருமம்.

தாழ்த்தப்பட்டவர்கள் முற்காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள். ஜாதியை ஏற்க மறுத்ததால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அப்போது அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட். அமெரிக்கர், பௌத்தர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1894-ல் பள்ளிக்கூடம் திறந்தவர். அயோத்திதாசர் நண்பர்களுடன் போய் அவரைச் சந்தித்தார். எங்கள் பழைய மதத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டார்.

1898-ல் ஆல்காட் அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே பெரும் பிக்குவான சுமங்கல தேரர் அவர்களுக்குப் பஞ்சசீலம் கொடுத்தார். கொல்லாமை, திருடாமை, பிறர் துணையை விரும்பாமை, பொய் சொல்லாமை, போதைப்பொருள் உண்ணாமை ஆகிய ஐந்தும் பஞ்சசீலம்.

சென்னை திரும்பியதும் அயோத்திதாசர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

இரண்டும் ஒன்றே

துறவிகளின் மதத்தில் உலக விவகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விவகாரம் பேசினால் கோபம் வரும். கோபம் வந்தால் மனம் கெடும். மனம் கெட்டால் தருமம் எங்கே?

ஆனால் பௌத்தர்கள் சொல்லும் பழைய கதைகளைக் கவனிக்க வேண்டும். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியர்களும் கோலியர்களும் ஆயுதம் எடுத்தார்கள். புத்தர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நடுவில் போய் நின்று சண்டையைத் தடுத்தார். சாக்கிய ராஜகுமாரர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களுடைய நாவிதரான உபாலிக்கு முதலில் தீட்சை கொடுத்தார். ராஜகுமாரர்கள் நாவிதரை வணங்க வேண்டி வந்தது.

அயோத்திதாசர் நடத்திய சங்கமும் இந்த வழியில்தான் போனது. ராயப்பேட்டையில் தருமப் பிரசங்கம் நடந்தது. கள்ளும் சாராயமும் கூடாது என்று சொல்லப்பட்டது. அதோடு, ஜாதி ஒழிய வேண்டும் என்றும், ஏழைப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வருகிறவர்களிடம் ஜாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதியும்படி அயோத்திதாசர் மக்களுக்கு எடுத்துச் சொன்னார்.

அவருக்குச் சீலம் வேறு, உரிமை வேறு அல்ல. குடியை விட்டவனின் கையில் காசு தங்கும். காசு தங்கினால் பிள்ளை படிக்கும். பிள்ளை படித்தால் எவர் முன்னும் கை கட்டி நிற்காது. தருமம் வீட்டுக்குள் நுழைந்து, வீதிக்கு வரும் வழி இது.

ஒரு பைசாத் தமிழன்

1907-ம் ஆண்டு ஜூன் 19-ந்தேதி, புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து ஒரு புதிய வாரப் பத்திரிகை வெளிவந்தது. நாலு பக்கம். விலை காலணா. பெயர் ஒரு பைசாத் தமிழன்.

அந்தக் காலத்தில் ஒரு அணாவுக்கு நாலு பைசா. ஆகவே காலணா என்றால் ஒரு பைசா. விலையையே பெயராக வைத்துவிட்டார்! ஓராண்டுக்குப் பின் பெயர் தமிழன் என்று சுருங்கியது.

அதில் புத்தரின் சரித்திரம் வந்தது. வைத்தியக் குறிப்புகள் வந்தன. நாட்டு நடப்பு வந்தது. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. ஜாதியை வைத்துக்கொண்டு சுயராஜ்யம் பெற்றால், அந்த ராஜ்யம் யாருக்கு என்று தமிழன் கேட்டது.

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டிய தமிழ்த் தொழிலாளர்கள் தமிழனை வாசித்தார்கள். அங்கே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் ஏற்பட்டது. பெங்களூரிலும், கடல் கடந்து ரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் தோன்றின.

வைத்தியமும் நிற்கவில்லை. ராயப்பேட்டையில் வளர்ந்த ஒரு சிறுவன் கை கால் முடங்கிக் கிடந்தான். அயோத்திதாசரின் மருந்தால் எழுந்து நடந்தான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் தமிழ்த் தென்றல் என்று புகழ் பெற்ற திரு.வி.க.!

குறையும் நிறைவும்

அயோத்திதாசர் சொன்ன சரித்திரம் முழுவதையும் அறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. வெள்ளைக்கார ஆட்சியை அவர் அளவுக்கு மேல் நம்பினார் என்று சொல்பவர்களும் உண்டு. எதிரிகளைத் தாக்கும்போது அவர் பேனா சுடும். விவகாரம் பேசினால் கோபம் வரும் என்றார்களே, அந்த ஆபத்து அவருக்கும் இருந்தது.

ஆனால் அந்த ஆபத்துக்குப் பயந்து அவர் வாயை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தீட்சை பெற்ற சிலருக்கு மன நிம்மதி கிடைத்திருக்கும். தெருக்கோடியில் நின்ற ஏழைக்கு ஒன்றும் கிடைத்திராது.

1914-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி அவர் காலமானார். பிறகு கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் தமிழனை மீண்டும் நடத்தினார். சங்கத்தோடு சேர்ந்து உழைத்த பேராசிரியர் லட்சுமி நரசு 1907-ல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலை, 1948-ல் டாக்டர் அம்பேத்கர் முன்னுரை எழுதி மறுபடி வெளியிட்டார். 1956-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதி நாகபுரியில் அம்பேத்கரும் லட்சக்கணக்கான மக்களும் பௌத்தம் தழுவினார்கள். அயோத்திதாசர் கொழும்புக்குப் போய் வந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் எழுத்துக்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1999-ல் அவை தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன. 2005-ல் அவர் படம் போட்ட தபால் தலை வந்தது. 2023-ல் சென்னை கிண்டியில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது.

புத்தர் துன்பத்தைப் பற்றிப் பேசினார். துன்பம் மனசுக்குள் மட்டும் இருப்பதில்லை. தண்ணீர் எடுக்க விடாத கிணற்றடியிலும் இருக்கிறது. உள்ளே விடாத பள்ளிக்கூட வாசலிலும் இருக்கிறது. அங்கேயும் போய் நிற்பதுதான் தருமம் என்று, காலணாப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவர் அயோத்திதாசர்.