கல்லறையில் ஒரு சூத்திரம்... டார்க் மேட்டர் தேடலில் இன்னும் பேசப்படும் ஷ்விங்கர் யார்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல். அதில் பெயருக்கு மேலே குட்டியா ஒரு சூத்திரம்: ஆல்ஃபாவை இரண்டு பையால் வகுக்கணும். (பைன்னா வட்டக் கணக்குல வருமே, அந்த 3.14!) அங்கே உறங்குபவர் ஜூலியன் ஷ்விங்கர்.

1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். கல்லூரியில் வகுப்புக்கே சரியாகப் போகாததால் மார்க் அடிவாங்கியது. திறமையைக் கவனித்த இயற்பியலாளர் ராபிதான் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார். 21 வயதில் டாக்டர் பட்டம். ராத்திரி முழுக்க வேலை, பகலில் தூக்கம்!

1947-ல்தான் அந்தக் கணக்கு வந்தது. எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. அதன் காந்தத்தன்மையைக் குறிக்கும் ஓர் எண் சரியாக 2 என்றது டிராக்கின் கோட்பாடு. கொலம்பியாவில் குஷ், ஃபோலி இருவரும் அளந்தபோதோ ஆயிரத்தில் ஒரு பங்கு போல கூடுதலாக இருந்தது. எங்கிருந்து வந்தது இந்த மிச்சம்?

வெற்றிடம் வெறுமையா இல்லை என்பதே ஷ்விங்கரின் விடை. எலக்ட்ரான் ஒளித்துகளை வெளிவிட்டு உடனே விழுங்கிக்கொண்டே இருக்கு, அதனால் காந்தம் லேசா கூடுது. எவ்வளவுன்னு போனிலேயே போட்டுப் பாருங்க. ஆல்ஃபா என்பது ஏறக்குறைய 137-ல் ஒரு பங்கு. 1-ஐ 137-ஆல் வகுத்து, மறுபடி 6.28-ஆல் வகுத்தால் 0.00116. ஆய்வகத்தில் கிடைத்ததும் கிட்டத்தட்ட இதே எண்தான்.

1965-ல் ஃபெய்ன்மன், டோமோனாகாவோடு நோபல் கிடைத்தது. ஆனாலும் மாணவர்கள் பிடித்துக்கொண்டது ஃபெய்ன்மனின் படங்களைத்தான். பக்கம் பக்கமாகப் போகும் ஷ்விங்கர் கணக்கைவிட படம் சுலபமாச்சே! கடைசிக் காலத்தில் குளிர் அணுப்பிணைவை ஆதரித்தார். கட்டுரைகள் மறுக்கப்பட்டதும் அமெரிக்க இயற்பியல் சங்கத்திலிருந்தே விலகினார். 1994-ல் மறைந்தார்.

சரி, டார்க் மேட்டர் எங்கே வருது? அது ஆக்சியான் என்ற மிக லேசான துகளாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆக்சியான் எலக்ட்ரானைத் தொடுமானால், ஒளித்துகள் செய்த வேலையை அதுவும் கொஞ்சம் செய்யும். எண் இன்னும் ஒரு துளி நகரும். வெளியெங்கும் அது அலையாக நிறைந்திருந்தால், எலக்ட்ரானின் மின், காந்தப் பண்புகள் அந்த அலையோடு சேர்ந்து ஏறி இறங்கலாம் என்றும் ஒரு கணிப்பு உண்டு.

அந்தத் துளியைப் பிடிக்க 2023-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பத்து லட்சம் கோடியில் 1.3 பங்கு துல்லியத்தில் அளந்தார்கள். சிக்கல் ஆல்ஃபாவில். பெர்க்லி (2018), பாரிஸ் (2020) ஆய்வகங்கள் தந்த மதிப்புகள் ஒத்துப்போகவில்லை. எது சரின்னு தெரியும்வரை, கோட்பாட்டுக்கும் அளவுக்கும் நடுவே ஆக்சியானுக்கு எவ்வளவு இடம் மிச்சம்னு அடித்துச் சொல்ல முடியாது.