ஜப்பானுக்குப் பீங்கான் கிண்ணம் தந்த கொரியக் குயவர் யீ சாம்பியோங்

ஜப்பானில் தேநீரும் அரிசி மதுவும் பருகப் பயன்படும் வெண்பீங்கான் கிண்ணங்களின் வரலாறு, போர்க்காலத்தில் தாய்நாட்டை விட்டுக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு கொரியக் குயவரின் வாழ்க்கையோடு பிணைந்துள்ளது. அவர் பெயர் யீ சாம்பியோங். ஜப்பானியப் பீங்கான் கலையின் முன்னோடியாக அரிதா நகரம் இன்றளவும் அவரைப் போற்றி வருகிறது.

போரும் புலம்பெயர்வும்

ஜப்பானிய ஆட்சியாளர் டொயொடோமி ஹிதெயோஷி 1592 முதல் 1598 வரையிலான காலத்தில் கொரியா மீது இருமுறை படையெடுத்தார். போரில் பங்கேற்ற நிலப்பிரபுக்கள், கொரியக் குயவர்கள் பலரைத் தங்கள் பகுதிகளுக்குக் கொண்டுசென்றனர். கியூஷூ தீவின் சாகா பகுதியை ஆண்ட நபெஷிமா நவோஷிகேயின் படையுடன் சென்றவர்களுள் சாம்பியோங்கும் ஒருவர்.

அவர் படைக்கு வழிகாட்டினார் என்றும், அதற்காக உள்ளூர் மக்கள் பழிதீர்க்கக்கூடும் என்பதால் அழைத்துச் செல்லப்பட்டார் என்றும் வழித்தோன்றல்களின் குடும்ப ஆவணங்கள் கூறுகின்றன. அவர் வலுக்கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டவர் என்ற கருத்து கொரியாவில் வலுவாக உள்ளது.

வெண்கல்லைத் தேடி

சாகாவில் நபெஷிமாவின் உறவினரான தாகு குடும்பத்தின் பொறுப்பில் அவர் விடப்பட்டார். கனகாயே சான்பேய் என்ற ஜப்பானியப் பெயரையும் பெற்றார். தாகு பகுதியில் கிடைத்த மண், பீங்கானுக்கு ஏற்றதாக இல்லை. எனவே, தகுந்த மூலப்பொருளைத் தேடி அலைந்த அவர், 1616-ஆம் ஆண்டு அரிதாவில் குடியேறினார். அங்குள்ள இசுமியாமா குன்றில் பீங்கான் கல்லைக் கண்டறிந்தவர் அவரே என்பது மரபுவழிச் செய்தி.

அந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் கரைத்து வடித்தால் கிடைக்கும் களியே கிண்ணங்கள் வனையப் போதுமானதாக இருந்தது. மலைச்சரிவில் வரிசையாக அறைகள் அமைத்துக் கட்டப்பட்ட சூளைகளில், சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவை சுடப்பட்டன. வெண்பரப்பில் நீல வண்ண ஓவியம் தீட்டப்பட்ட அக்காலக் கிண்ணங்கள் சிலவற்றின் அடிப்பகுதியில், பூச்சுக் கரைசலில் தோய்த்தெடுத்த குயவரின் விரல் தடங்களை இன்றும் காணலாம்.

இதே காலத்தில் அரிதாவின் மேற்குப் பகுதிச் சூளைகளிலும் பீங்கான் சுடப்பட்டதை அகழாய்வுகள் காட்டுகின்றன. இதனால், முதல் பீங்கானை உருவாக்கிய பெருமையை அவர் ஒருவருக்கே அளிப்பது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

கடல் கடந்த கோப்பைகள்

சாம்பியோங் 1655-ஆம் ஆண்டு அரிதாவிலேயே காலமானார். சீனாவில் ஏற்பட்ட ஆட்சி மாற்றக் குழப்பத்தால் அந்நாட்டுப் பீங்கான் ஏற்றுமதி சரிந்திருந்த நிலையில், 1659-ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் அரிதாவில் 50,000-க்கும் அதிகமான பீங்கான் பொருள்களுக்கு ஆணை வழங்கியது. இமாரி துறைமுகம் வழியாக வெளியேறியதால், அவை உலகச் சந்தையில் இமாரி என்றே பெயர் பெற்றன.

அரிதாவின் தோசான் ஆலயத்தில், நபெஷிமா நவோஷிகேயுடன் சாம்பியோங்கும் தெய்வமாக வழிபடப்படுகிறார். ஆலயத்தின் நுழைவு வளைவும் பீங்கானால் ஆனது. ஆலயத்துக்கு மேலுள்ள குன்றில் 1917-ஆம் ஆண்டு அவருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் மே 4-ஆம் தேதி அங்கு அவருக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.