எர்வின் ஸ்மித்

பயிர் வாடினால் வானத்தை நோவதும் விதியை நோவதும் மக்களின் இயல்பு. வேரடி மண்ணில் மறைந்திருக்கும் சத்துருவைத் தேடிக் கண்டவர் வெகு சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து நாம் போற்றத்தக்கவர் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித்.

1854-ஆம் வருஷம் நியூயார்க் ராஜ்யத்தில் பிறந்த அவர், 1886-இல் அமெரிக்க விவசாய இலாகாவில் சேர்ந்தார். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகியவற்றை வாட்டி மடிக்கும் மண் கிருமியை 1896-இல் விவரித்தார். அடுத்த வருஷமே, பாக்டீரியாவினால் செடிகளுக்கு நோய் வருவதில்லை என்று ஜெர்மன் பேராசிரியர் ஆல்பிரெட் பிஷர் எழுதினார். அவருடைய கீர்த்தியைக் கண்டு ஸ்மித் அஞ்சவில்லை. சோதனைகளையே சாட்சிகளாக நிறுத்தி, 1901 வரை வாதாடி, தம் கட்சியை நிலைநாட்டினார்.

1907-இல் டவுன்செண்ட் என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆராய்ச்சியே அவர் புகழுக்குச் சிகரம். செடியின் அடித்தண்டில் பருக்கும் கழலையிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்தார். நல்ல செடியில் குத்திச் செலுத்தினார். அங்கும் கழலை தோன்றிற்று. மனிதனுடைய புற்றுநோய்க்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு என்று அவர் கருதினார். ஆயினும் கிருமி கழலையை உண்டாக்கும் மர்மம் விளங்குமுன், 1927-இல் காலமானார்.

கிருமி ஒழிந்த பின்னரும் கழலைத் திசு தானே வளர்வதை 1942-இல் பிரவுனும் ஒயிட்டும் காட்டினர். எனவே, கிருமி எதையோ விட்டுச் சென்றிருக்க வேண்டும். ஸ்மித் மறைந்து ஐம்பது வருஷங்களுக்குப் பின், 1977-இல், அமெரிக்க விஞ்ஞானிகள் அது இன்னதென்று கண்டனர். காயம்பட்ட செடியில் கசியும் ரசத்தை உணர்ந்து, கிருமி தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அது செடியின் ஜீன்களோடு கலந்துவிடுகிறது. பின்னர், வளர்ச்சி ஹார்மோன்கள் மிகுந்து கழலை பருக்கிறது. கிருமிக்கு உகந்த உணவையும் செடியே சமைத்துக் கொடுக்கிறது. வந்தேறி தன் சட்டத்தை வீட்டுக்காரன் ஏட்டிலேயே எழுதிவிட, வீட்டுக்காரன் அவனுக்கு அடிமையாகி உழைப்பது போன்றது இது.

கழலை தரும் ஜீன்களை நீக்கிவிட்டு, இதே கிருமியைத் தூதாக்கி, வேண்டிய ஜீன்களைப் பயிரில் சேர்க்கும் முறை 1983-இல் கைகூடிற்று. இவ்வளவுக்கும் வித்திட்டவர் ஸ்மித். பெரியோர் சொன்னார் என்பதற்காக அவர் அன்று மௌனமாக இருந்திருந்தால், இந்த உண்மை இன்னும் எத்தனை காலம் மண்ணில் புதைந்து கிடந்திருக்குமோ! ஆதாரம் கையிலிருக்கும்போது அதிகாரத்துக்குத் தலைவணங்காத அந்த நெஞ்சுறுதியை நம் வாலிபர்கள் கைக்கொள்வார்களாக.