குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்த மருத்துவர்: யார் இந்த ஜான் ஸ்னோ?

குழாயைத் திறக்கிறோம், தம்ளரில் பிடிக்கிறோம், குடிக்கிறோம். தெளிவா இருக்கு, வாடை இல்லை, அப்புறம் என்ன பயம்?

லண்டன்வாசிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜான் ஸ்னோ. இன்று வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது.

யார் இவர்?

1813ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க் நகரில், ஏழைத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள். 14 வயதில் நியூகாசலில் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகப் போனார்.

1831-32இல் அங்கே காலரா பரவியது. கில்லிங்வர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கவனிக்கும் வேலை அவருக்கு வந்தது. சுரங்கத்துக்குள் கழிப்பறை கிடையாது, கை கழுவவும் வழியில்லை. சாப்பாடும் உள்ளேயேதான். இதையெல்லாம் அந்த இளைஞர் நேரில் பார்த்தார்.

பதின்ம வயதிலேயே சைவ உணவுக்கு மாறிய ஸ்னோ, குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவர். காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் குடிப்பார்.

1836இல் லண்டனுக்கு வந்து மருத்துவம் படித்தார். மயக்க மருந்துத் துறையில் பெரிய பெயர் எடுத்தார். 1853இலும் 1857இலும் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோஃபாம் கொடுத்தவர் இவர்தான்.

எல்லாரும் காற்றைக் குறை சொன்னபோது...

அந்தக் காலத்தில் காலரா கெட்ட காற்றால் வருகிறது என்பதே மருத்துவர்களின் நம்பிக்கை. ஸ்னோவுக்கு ஒரு சந்தேகம். காற்றால் வந்தால் நுரையீரல் அல்லவா முதலில் பாதிக்கப்படணும்? காலரா ஏன் வயிற்றைத் தாக்குகிறது? நோயாளியின் கழிவு கலந்த தண்ணீர் மூலம்தான் அது பரவுகிறது என்று 1849இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1854இல் காலரா மறுபடி வந்தது. ஆகஸ்ட் 31ஆம் தேதி இரவு சோஹோ வட்டாரத்தில் மரணங்கள் குவியத் தொடங்கின. ஸ்னோ வீடு வீடாகப் போனார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் ஸ்திரீட் அடிபம்பில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று தெரிந்தது.

பக்கத்தில் இருந்த மதுபான ஆலையின் ஊழியர்கள் தப்பித்தார்கள். அவர்கள் அந்தப் பம்பின் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் தூரத்தில் ஹேம்ஸ்டெட்டில் இருந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். பிராட் ஸ்திரீட் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், அதைத் தினமும் வரவழைத்துக் குடித்தவர் அவர்.

செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் பலர் ஊரைவிட்டே போயிருந்ததால் நோய் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருந்தது. ஸ்னோவே அதை மறைக்காமல் எழுதினார். அந்த வட்டாரத்தில் இறந்தவர்கள் 600க்கும் மேல். பக்கத்து வீட்டின் கழிவுத்தொட்டி கிணற்றிலிருந்து 3 அடிக்கும் குறைவான தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது பிறகு தெரியவந்தது.

ஒரே தெரு, இரண்டு தண்ணீர்

பம்பு கதை பலருக்குத் தெரியும். ஆனால் குழாய்த் தண்ணீரை வைத்து அவர் செய்த ஆய்வுதான் இன்னும் பெரியது.

தெற்கு லண்டனில் இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருவுக்குத் தண்ணீர் விநியோகித்தன. சதர்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம், நகரின் சாக்கடை கலக்கும் பேட்டர்சீயில் தேம்ஸ் நதித் தண்ணீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனமோ 1852இலேயே தேம்ஸ் டிட்டன் என்ற இடத்துக்கு, நகருக்கு மேலே மாறிவிட்டது.

வாடகைக்கு இருந்தவர்களில் பலருக்குத் தங்கள் வீட்டுக் குழாயில் யாருடைய தண்ணீர் வருகிறது என்றே தெரியாது. ஸ்னோ என்ன செய்தார் தெரியுமா? ஒரு சிறு குப்பியில் தண்ணீரைப் பிடித்து, வெள்ளி நைட்ரேட் கலந்து பார்த்தார். கடல் அலை ஏறிவரும் பகுதியிலிருந்து எடுத்த பேட்டர்சீ தண்ணீரில் உப்பு சுமார் 40 மடங்கு அதிகம். அந்த உப்பால் நோய் வராது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அது காட்டிக்கொடுத்தது.

முதல் 7 வாரக் கணக்கு இது: 10,000 வீடுகளுக்கு, சதர்க் அண்ட் வாக்ஸால் தண்ணீர் வந்த வீடுகளில் 315 மரணங்கள். லாம்பெத் தண்ணீர் வந்த வீடுகளில் 37.

கண்ணை மூடிய பிறகு கிடைத்த மரியாதை

இவ்வளவு சொல்லியும் அரசாங்கத்தின் சுகாதார வாரியம் ஏற்கவில்லை. 1858 ஜூன் 16ஆம் தேதி, பக்கவாதத்தால் ஸ்னோ காலமானார். வயது 45தான். 'தி லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட சிறு இரங்கல் குறிப்பில் குளோரோஃபாம் பற்றி இருந்தது, காலரா ஆய்வு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத் திருத்தி அந்த இதழ் மறுகுறிப்பு வெளியிட்டது 2013இல்!

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த பிறகு ஸ்னோவின் வாதம் வலுவடைந்தது.

சரி, நம் வீட்டுக்கு வடிகட்டி தேவையா?

சந்தேகம் இல்லாத தண்ணீர் கிடைக்காவிட்டால் நன்கு கொதிக்க வைக்கவேண்டும், முடிந்தால் வடிகட்டவும் வேண்டும் என்பது ஸ்னோ 1855இல் தந்த ஆலோசனை. முதலில் தண்ணீரில் என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்கணும், அப்புறம்தான் மருந்து. வடிகட்டிக்கும் அதே கணக்குதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்யும்:

• வண்டல் வடிகட்டி: மண், துரு போன்றவற்றைப் பிடிக்கும். கிருமியை நம்பி விடமுடியாது.

• கரி வடிகட்டி: குளோரின் வாடை, வேண்டாத சுவை, சில ரசாயனங்களைக் குறைக்கும். சாதாரணக் கரி கிருமியைக் கொல்லாது.

• செராமிக் வடிகட்டி: பாக்டீரியாவைத் தடுக்கும். அதைவிடச் சிறிய வைரஸ் தப்பிவிடலாம். தண்ணீரில் கரைந்த உப்பும் உள்ளே போய்விடும்.

• எதிர்ச் சவ்வூடுபரவல்: கரைந்த உப்பு, ஈயம் போன்ற உலோகங்களையும் நீக்கும். ஆனால் கொஞ்சம் தண்ணீர் வீணாகும், தாதுச்சத்தும் போகும்.

• புற ஊதாக்கதிர்: கிருமியைச் செயலிழக்கச் செய்யும். ரசாயனத்தை ஒன்றும் செய்யாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் பலன் குறையும்.

• கொதிக்க வைத்தல்: கிருமி சாகும். ஈயம் போகாது. தண்ணீர் வற்றினால் அதன் அடர்த்தி கூடவும் செய்யும்.

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், கூடுதல் வடிகட்டி தேவையில்லை என்கிறது பொதுப் பயனீட்டுக் கழகம். லேசாகக் குளோரின் வாடை வந்தால் பதற வேண்டாம். குழாய்வழி வரும்போது கிருமி வளராமல் காக்கும் மருந்தின் வாடை அது. பழைய குழாய்களால் தண்ணீர் பழுப்பாக வரும் வட்டாரங்களில், மலேசியாவில் பல வீடுகளில் பொருத்துவதுபோல் வண்டல் வடிகட்டி உதவும்.

வடிகட்டி வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வடிகட்டும் பாகத்தைக் குறித்த காலத்தில் மாற்றணும். கரி குளோரினை எடுத்துவிடுவதால், மாற்றாமல் விட்ட வடிகட்டியிலேயே கிருமி பெருகலாம். சுத்தம் செய்ய வாங்கிய பொருளே தண்ணீரைக் கெடுத்துவிடும்.

தண்ணீரின் நிறமோ வாடையோ திடீரென்று மாறினால், கடைக்கு ஓடுவதற்கு முன் தண்ணீர் விநியோகிக்கும் அமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள். பிரச்சினை உங்கள் வீட்டுக் குழாயிலா, கட்டடத்தின் தொட்டியிலா, தெருக் குழாயிலா என்று தெரிந்தால்தான் சரியான தீர்வு கிடைக்கும். பக்கத்து வீட்டாரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.